நேஷனாலிட்டி என்ற கட்டம்

சனிக்கிழமை காலைகளில் பெங்களூர் மர்பி டவுனில் ஒரு சங்கக் கட்டடத்தின் மாடியறையில் நாங்கள் இருவர் உட்கார்ந்திருப்போம். அகதிகளாகப் பதிவு பெற்றவர்களும், பதிவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவர்களும் அங்கே வருவார்கள். பிளஸ் டூவுக்கு மேல் ஏதாவது படிக்க வேண்டும் என்பது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான விருப்பம். விண்ணப்பம் நிரப்பித் தருவதும், சான்றிதழ்களைச் சரிபார்ப்பதும், கல்லூரிகளுக்குப் போன் செய்வதும் எங்கள் வேலை. என்னோடு இருந்தவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை. நான் முப்பது ஆண்டுகள் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராகவும் பிறகு துணையாசிரியராகவும் இருந்தவன்.

அந்தப் பெண் ஒரு மே மாதச் சனிக்கிழமை வந்தாள். இருபது வயது இருக்கும். பொம்மசந்திராவில் மாத்திரை பேக்கிங் செய்யும் கம்பெனியில் வேலை. முதல் ஷிஃப்டை இன்னொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கையிலிருந்த பிளாஸ்டிக் ஃபைலில் காகிதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், தமிழ்நாட்டு நகராட்சி ஒன்று கொடுத்த பிறப்புச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் அடியில் முகாம் அட்டை. பெற்றோர் போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். இவள் பிறந்ததும் வளர்ந்ததும் ஓசூருக்குத் தெற்கே ஒரு முகாமில்.

எங்களிடம் "ஆமா சார், இல்ல மேடம்" என்று பேசினாள். நடுவில் போன் வந்தது. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஓம் அம்மா, வந்திட்டன். இஞ்சதான் இருக்கிறன்" என்றாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, மறுபடி "சொல்லுங்க சார்" என்றாள்.

ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் கல்லூரியில் லேப் டெக்னீஷியன் டிப்ளமோ. அதுதான் அவளுக்கு வேண்டியது. முகாமிலிருந்து இவளுக்கு முன்னால் மூன்று பெண்கள் அங்கே படித்திருந்தார்கள். அவர்கள் வழியாக அலுவலக கிளார்க்கிடம் பேசி, மாதக் கடைசி வரை ஒரு இடம் இவளுக்கு என்று சொல்லி வைத்திருந்தாள். ஆன்லைனில் விண்ணப்பம் போட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

விண்ணப்பத்தில் நேஷனாலிட்டி என்ற கட்டத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன. ஒன்று இந்தியன், மற்றது ஃபாரினர். இரண்டில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

"இந்தியன்னு போட்ருங்க சார்," என்றாள். "அக்காங்க எல்லாம் அப்படித்தான் போட்டாங்க."

அந்த வழக்கத்தை அவளே விளக்கினாள். திரையில் இந்தியன் என்று தொட வேண்டும். சான்றிதழ் சரிபார்க்கும் நாளில் முகாம் அட்டையின் ஜெராக்ஸை மதிப்பெண் பட்டியலுக்குப் பின்னால் வைத்துக் கொடுக்க வேண்டும். கிளார்க் அதைப் பார்ப்பார், எதுவும் கேட்கமாட்டார், கட்டின் அடியில் வைத்துவிடுவார். முகவரிக்கும் முகாம் முகவரி மட்டும்தான். மூன்று பெண்களும் இப்படிச் சேர்ந்து, படித்து, முடித்துவிட்டார்கள்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போடும் தாளில் உண்மையல்லாத ஒன்று இருந்தால், அது என்றாவது ஒருநாள் திரும்பி வரும் என்றேன். நாளை ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும்போது யாராவது பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தால் டிப்ளமோவே போய்விடலாம் என்றும் சொன்னேன். தவறான தகவலோடு பக்கத்தை அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எனக்குப் பழகிப்போன ஒழுங்கு. ஆசிரியை மட்டும், "அவங்களுக்குத் தெரிஞ்ச வழியில விட்டுடலாமே" என்றார். நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"சார் சொன்னா சரி," என்றாள்.

பேட்டிகளில் இந்த மாதிரி "சரி"யை நூறு முறை கேட்டிருக்கிறேன். அதற்குச் சம்மதம் என்று பொருள் இல்லை என்பதும் தெரியும். அன்று சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன்.

ஃபாரினர் என்று தொட்டேன். பாஸ்போர்ட் எண், விசா எண் என்று புதிய கட்டங்கள் திறந்தன. அவற்றில் பொருந்தாது என்று எழுதி, குறிப்புப் பகுதியில் 'இந்தியாவில் பிறந்தவர், பதிவு பெற்ற இலங்கை அகதி' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்தேன். அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. தற்போதைய முகவரிக்கு பொம்மசந்திராவில் அவள் தங்கியிருந்த லேடீஸ் பி.ஜி. விடுதியைப் போட்டேன். அப்போதுதான் அவள் மேசை மேல் கையை வைத்தாள்.

"அது வேணாமே சார்."

கடிதம் அங்கேதானே வரும் என்றேன். ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை. ஏன் என்று கேட்டு வரச் சொல்லி நிருபர்களைத் திருப்பி அனுப்பியவன் நான்.

காரணத்தைப் பதினோரு நாள் கழித்து, அவளுடைய அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். முகாமில் இருப்பவர்கள் வெளியே தங்க அனுமதி வாங்க வேண்டும். அது சில நாட்களுக்குத்தான் கிடைக்கும். மாதம் ஒருமுறை செக்கிங் நடக்கும். பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பதிவு வெட்டப்படலாம். இவள் ஒவ்வொரு செக்கிங்குக்கும் ஷிஃப்ட் முடிந்த கையோடு அத்திபெலே போய், அங்கிருந்து ஓசூர், ஓசூரிலிருந்து முகாம் என்று பஸ் மாறி மாறிப் போய் நின்றிருக்கிறாள். ஒன்றுகூடத் தவறவில்லை. காகிதத்தில் அவள் முகாமை விட்டு எங்கும் போனதே இல்லை. அவள் வெளியே வசிப்பதை எழுத்தில் முதலில் பதிந்தவன் நான்.

பாஸ்போர்ட்டும் விசாவும் அனுப்பச் சொல்லிக் கல்லூரியிலிருந்து மெயில் வந்ததும் அவளோடு அங்கே போனேன். கிளார்க் கன்னடக்காரர், தமிழ் சரளமாகப் பேசினார். விண்ணப்பத்தைத் திரையில் எடுத்து, நான் எழுதிய குறிப்பை மெதுவாகப் படித்தார்.

"யார் சார் இத எழுதினது?"

நான்தான் என்றேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"அதான். ஃபார்ம் ஃபில் பண்ணச் சொன்னா நியூஸ் எழுதி வெச்சிருக்கீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு அவளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஃபாரினர் என்று வந்த விண்ணப்பங்கள் தன் மேசைக்கே வராது, வேறு பிரிவுக்குப் போய்விடும், அங்கிருந்து பட்டியல் வெளிநாட்டவரைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போகும், அது விதி என்றார். திருத்தி மறுபடி போடலாமா என்று கேட்டேன்.

"லிஸ்ட் நேத்தே போயிடுச்சு சார். என்கிட்ட வந்திருந்தா ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணியிருப்பேன். இப்ப சிஸ்டம் என்னையே கேள்வி கேக்கும்."

அவள் வெளியே வந்ததும் அடுத்த செக்கிங் எப்போது என்று போனில் தேதி பார்த்தாள்.

அந்தச் செக்கிங்குக்கு அவள் போவதற்குள் விசாரணை முகாமுக்குப் போய்விட்டது. மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருக்கும்போது அவளுடைய அம்மா என்னைக் கூப்பிட்டார். அதிகாரி வந்து பி.ஜி. முகவரியைப் படித்துக் காட்டினாராம். விசாரணை முடியும்வரை மகள் முகாமைவிட்டு எங்கும் போகக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டாராம். அம்மாவின் குரல் உயரவே இல்லை.

"ஐயா, பிள்ளைக்கு நல்லது எண்டுதான் செய்தனீங்கள். அது எனக்கு விளங்குது. ஆனா எழுத முந்தி என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர், வேறு யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

கல்லூரிக்கும், முகாமைக் கவனிக்கும் அலுவலகத்துக்கும் மனு எழுதினேன். எல்லாம் தெளிவான, பிழையில்லாத மனுக்கள். ஆசிரியை எனக்குத் தெரியாமல் கிளார்க்கிடம் தனியாகப் போய்ப் பேசிப் பார்த்தார். இடத்தைக் கடைசித் தேதிக்குப் பிறகு இரண்டு நாள் வைத்திருந்தார்கள், அப்புறம் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பதிவு வெட்டப்படவில்லை. விசாரணை முடிய மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்குள் கம்பெனியில் வேறு ஆள் எடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு வெளியே தங்க அவளுக்கு அனுமதி கிடைக்கவில்லை. நான் போன் செய்தபோதெல்லாம், "பரவால்ல சார், வீட்ல சும்மாதான் இருக்கேன்" என்று மரியாதையாகப் பேசினாள். ஒருநாள்கூட "ஓம்" என்று என்னிடம் சொன்னதில்லை.

அடுத்த மே மாதம் அவளுடைய தங்கை வந்தாள். அதே பிளாஸ்டிக் ஃபைல். அதே கல்லூரி, அதே டிப்ளமோ. அக்கா வரவில்லையா என்று கேட்டேன். அக்கா பெயரில் ஏற்கெனவே ஒரு விண்ணப்பம் இருப்பதால் மறுபடி போட்டால் பழையது வந்து நிற்கும் என்று கிளார்க் சொல்லிவிட்டாராம். அதனால் இவள்.

ஆசிரியை அன்று வரவில்லை. லேப்டாப்பை என் பக்கம் இழுத்தேன். தங்கை எழுந்து நின்றாள்.

"அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னா சார். கோச்சுக்காதீங்க."

"சொல்லும்மா."

"சார்கிட்ட போட்டோ சைஸ் மட்டும் சரி பண்ணி வாங்கிக்கோ, மத்தத நீயே அடின்னா."

அவள் போட்டோவின் அளவைக் குறைத்துக் கொடுத்தேன். பிறகு நாற்காலியைவிட்டு எழுந்து லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன். அவள் ஒரு விரலால் தட்டி, எழுத்தெழுத்தாக நிரப்பினாள். நேஷனாலிட்டி பக்கம் வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் அவளுடைய மதிப்பெண் பட்டியலை எடுத்து, ஏற்கெனவே இருமுறை சரிபார்த்த எண்களை மூன்றாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எதைத் தொட்டாள் என்று பார்க்கவில்லை. அடுத்த பக்கம் திறந்துவிட்டதா என்று மட்டும் கேட்டேன்.

"திறந்துடுச்சு சார்," என்றாள்.