தேவகியின் ஆற்றைப் பார்க்கப் போனது

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நானும் என் கணவரும் சென்னை சென்ட்ரலில் பெங்களூர் வண்டியில் மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் ஏறினோம். ஆம்பூருக்கு நூற்றுப் பத்து மைலுக்குக் கொஞ்சம் மேல். டிக்கெட் ஆளுக்கு ஏறக்குறைய இரண்டு ரூபாய். போனது கல்யாணத்துக்கும் அல்ல, கோயிலுக்கும் அல்ல. ஒரு பெண்ணை ஆற்றில் மூழ்கடிப்பதற்கு முன்னால் அந்த ஆற்றை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடலாம் என்றுதான் புறப்பட்டேன்.

அந்தப் பெண் தேவகி. ஒரு மாதப் பத்திரிகையில் நான் எழுதிவந்த தொடர்கதையின் நாயகி. கதை நடக்கும் இடம் ஆம்பூர். அந்த ஊரை நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஹபீபா அங்கே ஒரு தோல் வியாபாரி வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் எப்போதோ சொன்னதையும் என் கற்பனையையும் வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டிவிட்டேன். எந்நேரமும் இருண்ட வானம், மூச்சு முட்டும் நாற்றம், நுரைத்து ஓடும் பாலாறு. அடுத்த அத்தியாயத்தில் தேவகி அந்த வெள்ளத்தில் இறங்க வேண்டும். என் கணவருக்குத்தான் சந்தேகம் வந்தது.

"இந்த ஊர்ல வேற எது வேணும்னாலும் நீ இட்டுக்கட்டு. ஆத்தை மட்டும் ஒரு தடவை போய்ப் பாத்துடு" என்றார்.

அரக்கோணத்தில் காப்பி குடித்தோம். சோளிங்கரில் மலைக்குப் போகும் கூட்டம் ஒன்று கோவிந்தா போட்டுக்கொண்டே இறங்கியது. பெட்டியில் காலை நீட்ட இடம் கிடைத்தது. வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம். வெயில் ஏற ஏற இருபுறமும் குன்றுகள் நெருங்கி வந்தன. பச்சகுப்பத்தை நெருங்கும்போது என் கணவர் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார்.

"உன் பாலாறு."

மணல். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வெள்ளை வெளேரென்று மணல்தான். நடுவில் மாடுகள் நின்றன. ஒரு கட்டை வண்டி சாவதானமாக ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அவர் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது.

ஆம்பூரில் இறங்கியதும் நாற்றம் வந்தது உண்மை. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த புளித்த நெடி. என் கணவர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். ஜட்காக்காரர் திரும்பிப் பார்த்து, "ரெண்டு நாள் இருந்தா பழகிடும் சார். அப்பால ஊருக்குப் போனா இன்னாடா ஒரு வாசனையும் இல்லியேன்னு பேஜாராயிடும்" என்றார். வண்டி போன வழியெல்லாம் வெட்டவெளியில் தோல்களைக் காயப் போட்டிருந்தார்கள். வெயிலில் அவை பழுத்த மாவிலை நிறத்தில் இருந்தன. ஆவாரம்பட்டை ஊறிய தொட்டிகளிலிருந்து மழைக்குப் பிந்திய தோப்பின் வாசனை போல ஒன்று வந்தது. ஆட்கள் முழங்கால்வரை நனைந்து வேலை செய்துகொண்டே ஏதோ கேலி பேசிச் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு என் கதையில் ஒரு வரிகூட இல்லை.

ஹபீபாவின் வீட்டில் ஆண்களுக்கு முன்கட்டு, பெண்களுக்குப் பின்கட்டு. என் கணவரை அவளுடைய மச்சினர் அழைத்துப் போய்விட்டார். அவள் கணவர் வியாபார விஷயமாகக் கல்கத்தா போயிருந்தார். பின்கட்டு வாசலில் ஹபீபா நின்றாள். இளைத்திருந்தாள். அவளுடைய மகள் ஜைனுவுக்காக நான் வாங்கிவந்த பட்டுப் பாவாடைப் பொட்டலத்தை நீட்டி, "எங்கேடி உன் பொண்ணு?" என்றேன்.

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள். "முதல்ல உள்ள வாடி. முகம் கழுவு. பசியோட வந்திருப்பே" என்றாள்.

ரொட்டியும் கத்திரிக்காய் தால்சாவும் பரிமாறினார்கள். ஹபீபாவின் மாமியார், தமிழை விட உருது அதிகம் பேசுகிற பெரிய உடம்புக்காரி, என் தட்டைக் காலியாக விடவில்லை. வீட்டில் மச்சினரின் குழந்தைகள் ஓடி விளையாடின. ஜைனு என்று யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நான் மறுபடி கேட்கவில்லை.

மறுநாள் மாலை நாலரை மணிக்குத் திரை கட்டிய மாட்டு வண்டியில் மாமியாரும் ஹபீபாவும் நானும் ஆற்றுக்குப் போனோம். வீட்டிலிருந்து ஒரு மைல்கூட இருக்காது. கரையோரம் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். மணல் இன்னும் சுட்டது. தூரத்தில் பெண்கள் மணலைத் தோண்டி, ஊற்றில் சுரக்கும் தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் பட்டம் விட்டார்கள். திருவிழா மைதானம் மாதிரி இருந்தது.

"இங்கேயா தேவகி விழப் போறா?" என்று கேட்டாள் ஹபீபா. பத்திரிகையை மச்சினர் வாங்குகிறார். அவர் படித்து முடித்ததும் பின்கட்டுக்கு வருமாம்.

"வெள்ளம் வர்ற மாசமா மாத்திக்கலாம்" என்றேன்.

"உன் கதையில யார் அழுதாலும் மழை வருதுடி கனகா. இங்க அப்படி வர்றதில்ல."

பிறகு சொன்னாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஜைனு போன பங்குனியில் காய்ச்சலில் போய்விட்டாள். மூன்றே நாள். ஐந்து வயசு.

"எனக்கு ஏண்டி எழுதல?"

"உருதுல எழுதியிருப்பேன். உனக்குப் படிக்கத் தெரியாது. தமிழ்ல எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல."

அவள் போன அன்று பக்கத்து வீட்டில் கல்யாணமாம். பந்தல் போட்டு, விருந்துக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். விஷயம் தெரிந்து பாட்டை நிறுத்தினார்கள். ஆனால் வெயிலை யார் நிறுத்துவது? "அப்படி ஒரு வெளிச்சம். கொடியில அவ சட்டை காஞ்சிக்கிட்டு இருக்கு. எங்க வீட்டுக்காரர் அவளை அடக்கத்துக்குத் தூக்கிட்டுப் போனாரு. பொம்பளைங்க கூடப் போகக் கூடாது. வானம் கொஞ்சம் கருத்திருந்தா, யாரோ என் பக்கம் இருக்காங்கன்னு தோணியிருக்கும். எல்லாம் ஜோராத்தான் இருந்திச்சு. அதைத்தான் என்னால தாங்க முடியல."

நாற்பது நாள் முடிந்த பிறகு ஒரு மத்தியானம், எல்லாரும் தூங்கும்போது, புர்காவைப் போட்டுக்கொண்டு தனியாக இந்த ஆற்றுக்கு நடந்து வந்திருக்கிறாள். எதற்கு வந்தாள் என்பதை அவள் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் துணிவில்லை.

"தண்ணி எங்க இருக்கு? இதோ இதே மாதிரி மண்ணு. நடந்துக்கிட்டே இருந்தேன். ஊத்துல ஒருத்தி மொண்டுக்கிட்டு இருந்தா. குடம் சாயுது. என்னைப் பாத்து, 'யம்மா, இத்தக் கொஞ்சம் புடிச்சிக்க'ன்னா. புடிச்சேன். நிறையிற வரைக்கும் புடிச்சேன். இன்னொரு குடம் குடுத்தா. அதையும் புடிச்சேன்."

"அப்புறம்?"

ஹபீபா மாமியாரைப் பார்த்தாள். "இவங்க தேடிக்கிட்டு வந்துட்டாங்க. வாசப்படி தாண்டாத கோஷா வீட்டுப் பொம்பளை, செருப்புகூட இல்லாம. ஒரு வார்த்தை திட்டல. என் பக்கத்துல மண்ணுல உக்காந்துட்டாங்க. வெயில் சாயற வரைக்கும் உக்காந்திருந்தோம்."

மாமியாருக்குத் தமிழ் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஹபீபாவின் முதுகில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தட்டிவிட்டார்.

வெகு நேரம் கழித்து, "இதை நான் எழுதலாமா?" என்று கேட்டேன். கேட்கும்போதே கூச்சமாக இருந்தது.

ஹபீபா யோசித்தாள். "எழுது. என்னைப் பத்தின்னு தெரியக் கூடாது. குடத்தைப் புடிக்கச் சொன்னாளே, அவளை நல்லா எழுது. பேருகூட கேக்கல நான். அப்புறம் அவளைப் பாக்கவே இல்ல."

"தேவகி?"

"அவளைப் பத்தி நான் இன்னா சொல்றது. உன் பொண்ணு."

ஞாயிறு பிற்பகல் ரயிலுக்குக் கிளம்பினோம். ஹபீபா ஸ்டேஷனுக்கு வர முடியாது. பின்கட்டு வாசலில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டுப் பாவாடையை மச்சினர் மகள் உடுத்திக்கொண்டு முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். "அவளுக்குக் கொஞ்சம் நீளம். அடுத்த வருஷம் சரியாயிடும்" என்றாள் ஹபீபா.

ரயிலில் என் கணவர் காட்பாடி தாண்டிய பிறகு, "ஆறு உபயோகப்பட்டதா?" என்றார். "பட்டது" என்றேன்.

எங்கள் வீடு திருவல்லிக்கேணியில் ஒரு சந்தில் இருக்கிறது. ஆம்பூரோடு ஒப்பிட்டால் வாசனைக்குக் குறை, சத்தத்துக்கு அதிகம். கதை எழுதுவதென்றால் நான் ஊர் அடங்கக் காத்திருப்பேன்; துக்கக் காட்சி என்றால் ஜன்னலையும் சாத்திக்கொள்வேன். திங்கட்கிழமை அப்படிக் காத்திருக்கப் பிடிக்கவில்லை. காலை பத்து மணிக்கே உட்கார்ந்தேன். தேவகி நடுப்பகலில் ஆற்றுக்கு வந்தாள். மேகம் வைக்கவில்லை. கண் கூசும் வெயில், பட்டம் விடும் பிள்ளைகள், ஊற்றருகே பெயர் தெரியாத ஒருத்தி. "இத்தக் கொஞ்சம் புடிச்சிக்க" என்று அவள் சொன்ன வரிவரை வந்துவிட்டேன்.

அங்கே பேனா நின்றது. நான் ஒருமுறைகூடப் பார்க்காத அந்தக் குழந்தைக்காக அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. சந்தில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். எதிர்வீட்டில் யாரோ அரிசி புடைத்தார்கள். சட்டைக்குப் பொத்தான் தேடிக்கொண்டு வந்த என் கணவர் வாசற்படியில் நின்றுவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லே. எழுதிண்டிருக்கேன்" என்றேன்.

அவர் உள்ளே வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.