நான் எழுதிய ஒற்றை வரி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். தெற்கு லண்டனில் நோர்பரிக்குப் பக்கத்தில் உள்ள நூலகம் ஒன்றில், புதன்கிழமை பின்னேரங்களில் ஆங்கிலம் பேசிப் பழகும் வகுப்பு நடக்கும். நான் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறவள். காலை ஷிப்ட் முடிந்ததும், என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தியையும் இழுத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். நான் யாழ்ப்பாணம். அவள் இலங்கையின் மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவாள்.

வகுப்பை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஓர் ஆங்கிலேய ஆசிரியை. அமெரிக்க வரலாற்றைப் படங்களோடு சொல்லும் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து, வாரம் ஓர் அத்தியாயம் வாசிக்க வைப்பார். கடைகளில் நன்றாக விற்கிற புத்தகமாம். அன்றைக்குப் பருத்தித் தோட்டங்களைப் பற்றிய அத்தியாயம். வெள்ளைத் தூண்கள் வைத்த பெரிய வீட்டின் படம். அதற்குக் கீழே, ஆபிரிக்காவிலிருந்து வேலையாட்கள் கொண்டுவரப்பட்டார்கள் என்றும், எசமானர்களில் பலர் அவர்களைத் தங்கள் குடும்பத்தார் போலவே பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதியிருந்தது.

என் முறை வந்தபோது நான் வாசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கினேன். குடும்பத்தாரைச் சந்தையில் வைத்து விற்பார்களா? குடும்பத்தாருக்குச் சங்கிலி போடுவார்களா? இதை எழுதியவர் அந்த வேலையாட்களின் பேரப்பிள்ளை ஒருவரையாவது கேட்டுப் பார்த்தாரா? ஆசிரியைக்கு முகம் சிவந்துவிட்டது. எல்லோரும் வாசிக்கிற சின்னப் புத்தகம், எல்லாவற்றையும் எழுத இடம் இருந்திராது என்று சமாளித்தார். நான் விடவில்லை. இலங்கைத் தமிழர் எங்கள் கதையையும் இப்படித்தான் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள் என்றேன். பின்வரிசையில் கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்து, பஸ் தரிப்பிடத்துக்கு அருகே இருக்கிற தமிழ்க் கடையில் தேநீரும் ரோல்ஸும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். எனக்கு அன்று தலைகால் தெரியவில்லை.

"எப்பிடி, நல்லாக் கேட்டனானே?"

"நல்லா கேட்டீங்கக்கா" என்றாள். தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். "சனிக்கிழமை தமிழ் ஸ்கூல்ல புள்ளைங்களுக்கு ஒரு வரலாறு புத்தகம் குடுக்குறாங்கல்ல? அதையும் யாராச்சும் இப்பிடி கேக்கணும்."

அந்தப் புத்தகத்தில் இலங்கைத் தமிழரைப் பற்றிய பாடத்தை எழுதியது நான்தான். சில காலம் அந்தப் பள்ளிக்கூடத்தில் சும்மா உதவிக்குப் படிப்பித்தபோது எழுதிக் கொடுத்தேன். பெயர் போடவில்லை. மலையகத்துக்கு நான் ஒதுக்கியது ஒரே ஒரு வரி: வெள்ளைக்காரர் காலத்தில் தோட்ட வேலை தேடி இந்தியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

"என் மக வந்து கேக்குறா, அம்மா, நம்ம வந்தேறிங்களான்னு. வேலை தேடி வந்தாங்களாம்! எங்க பூட்டன் வீட்டுல ஏழு பேரு கப்பல்ல வந்து எறங்கி, மன்னார்லேருந்து காட்டு வழியா நடந்தாங்க. மலைக்குப் போய்ச் சேந்தது மூணு பேரு. நாடு சுதந்திரம் வாங்குனதும் எங்க குடியுரிமைய புடுங்குனது, குடும்பத்த பிரிச்சி பாதிப் பேர இந்தியாவுக்கு ஏத்துனது, ஒண்ணுமே அதுல இல்ல."

எழுதியது நான்தான் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அவள் பேச்சை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொன்னது வேறு.

"சின்னப் புத்தகம்தானே. எல்லாத்தையும் எழுத ஏலாது."

அதோடும் நிறுத்தவில்லை. எங்களுக்குள் வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று காட்ட வேண்டும் போல இருந்தது. "கிளிநொச்சியில அப்பான்ர வயலில, இனக் கலவரத்துக்குப் பிறகு மலையகத்தால வந்த ஒரு குடும்பம் இருந்தது. எங்கட குடும்ப ஆக்கள் மாதிரித்தான் வச்சிருந்தனாங்கள்."

சொல்லி முடித்த பிறகுதான் என் சொல் என் காதில் விழுந்தது. வயல் கரையில் அவர்கள் இருந்த கொட்டில் மாரிக்கு ஒழுகும். அவர்களுக்குத் தேநீர் கொடுக்கிற தகரப் பேணி, எங்கள் வயல்வீட்டுப் பாத்திரங்களோடு சேராமல் பின்வேலியில் கவிழ்த்து வைத்திருக்கும். பத்து வருடங்களுக்கு மேல் அங்கே இருந்தார்கள், ஒருநாளாவது எங்கள் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்ததில்லை.

"அவங்க பேரு என்னாக்கா?" என்று கேட்டாள்.

எவ்வளவு யோசித்தும் வரவில்லை. 'தோட்டக்காட்டான்' என்று வீட்டில் கூப்பிட்டதுதான் நினைவுக்கு வந்தது. அதை எப்படி அவளுக்குச் சொல்வது? "மறந்துபோனன்" என்றேன். அவள் பஸ் வருகிறது என்று எழும்பிப் போனாள்.

அந்தக் கிழமையே உட்கார்ந்து மலையகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருந்த பெரியவரிடம் கொண்டுபோனேன். "இப்ப ஏன் பிள்ளை உந்தப் பழங்கதையைக் கிளறுறாய்? நாங்களே எங்களுக்கு எதிரா எழுதிறதே?" என்றார். நானும் மல்லுக்கு நிற்கவில்லை. புதுப் பதிப்பில் என் வரி அப்படியே இருந்தது. பக்கத்தில், சிரித்தபடி கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தியின் படத்தையும் சேர்த்திருந்தார்கள்.

அந்தப் புத்தகத்தைக் கண்ட பிறகுதான் அவளிடம் போனேன். சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த வரியை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியுங்கக்கா. ஸ்கூல்ல சொன்னாங்க. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் அன்னைக்கு பேச்சையே எடுத்தேன்" என்றாள். கோபம்கூட இல்லை அவள் குரலில். கோபித்திருந்தால் நானும் அழுது ஆறியிருப்பேன்.

மகளை அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துவிட்டாள். புதன்கிழமை ஷிப்டையும் மாற்றிக்கொண்டாள். இப்போதும் வழியில் கண்டால் அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடிப்பது மட்டும் இல்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த அமெரிக்கப் புத்தகத்தை எழுதியவரை அன்று மனதுக்குள் பொய்யன் என்று திட்டினேன். ஆனால் என் வரியை எழுதியபோது, பொய் எழுதுகிறேன் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சமும் இருக்கவில்லை.