விடுவிப்பு ஆணை வரும்வரை

ஒப்பந்தத்தின் பதினோராம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது: ஆசிரியர் குடியிருப்பு கடல்நீரால் தங்கத் தகுதியற்றதாகிவிட்டால், தகவல் கிடைத்த பதினான்கு நாட்களுக்குள் ஆசிரியரை வேறு தீவுக்கு மாற்ற வேண்டும், இயலாவிட்டால் பணியிலிருந்து விடுவிக்க வேண்டும். நல்ல பிரிவு. நானே வரைந்திருந்தாலும் ஒரு காற்புள்ளிக்கு மேல் மாற்றியிருக்க மாட்டேன்.

என் மகள் இந்தியப் பெருங்கடலில் ஒரு சிறிய தீவு நாட்டில் கணக்கு டீச்சர். நாட்டின் பெயரைச் சொல்லப்போவதில்லை. கடிதப் போக்குவரத்து நடப்பில் இருக்கிறது. சேலையூரில் என் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு நடக்கும் நேரத்தில் அவளுடைய தீவைக் குறுக்கே கடந்துவிடலாம்.

சித்திரைப் பௌர்ணமியன்று கடல் முதல்முறையாக அவள் வீட்டுப் பின்புறம் வந்தது. புயல் இல்லை, மழை இல்லை. நல்ல வெயிலில் அலை ஏறி வந்து, துணிக்கொடியைத் தாண்டி, சீமைப்பலா மரத்தடியில் நின்றது. வீடியோ காலில் காட்டினாள். வைகாசிக்குள் அந்த மரம் மஞ்சளாகி இலை முழுவதையும் கொட்டிவிட்டது. கிணற்று நீரில் சோப்பு நுரைக்கவில்லை.

"முடிச்சூர்ல மழை வெள்ளத்துல வராத தண்ணியா? நாலு நாள்ல வடிஞ்சுதே" என்றேன்.

"அது வடிஞ்சு கடலுக்குப் போச்சுப்பா. இங்க வந்திருக்கறதே கடல். இது எங்க போகும்?"

முப்பத்தாறு வருடம் அரசுக் கோப்புகளோடு இருந்தவன் நான். தெரிந்ததைச் சொன்னேன். குறிப்பு எழுது, தலைமையாசிரியர் வழியாக அனுப்பு, நகல் வைத்துக்கொள். விடுவிப்பு ஆணை கையில் வராமல் தீவை விட்டுக் கிளம்பாதே. சொல்லாமல் போவது பணியைக் கைவிட்ட குற்றம். பிறகு ஜென்மத்துக்கும் அனுபவச் சான்று கிடைக்காது.

தீவில் மகளின் பக்கத்து வீட்டு நாகர்கோவில் டீச்சர் எதுவும் எழுதவில்லை. வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியோடு, வாரம் ஒருமுறை வரும் செவ்வாய்க்கிழமைப் படகில் ஏறிப் போய்விட்டாள். நான் சிரித்தேன். "ஒரு கையெழுத்துக்கு எத்தனை வருஷம் அலையப்போகுது பாரு" என்று மனைவியிடம் சொன்னது நினைவிருக்கிறது.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி மேற்குத் தாம்பரத்தில், செல்போன் கடை மாடியில். மகளின் அசல் சான்றிதழ்கள் அவர்களிடம்தான். மூன்று நினைவூட்டுக் கடிதங்களை நேரில் கொடுத்து, ஒவ்வொன்றின் நகலிலும் முத்திரை வாங்கினேன். மூன்றாவது முறை, முத்திரை குத்துகிறவர் பொறுமை இழந்தார்.

"இன்னா சார், லெட்டர் மேல லெட்டரா குடுத்துகினு கீற? மெயில் அப்பவே போய்ட்ச்சு. இந்த மாதிரி பேஜார் புட்ச்ச பார்ட்டிய நான் பாத்ததேயில்ல."

"தேதி சரியா விழலை. இன்னொரு தடவை குத்துங்க."

குத்தினார், மேஜை அதிர.

ஆனிப் பௌர்ணமியில் தண்ணீர் வாசற்படி ஏறியது. கட்டிலுக்கு அடியில் செங்கல் வைத்துக்கொண்டாள். மணல் மூட்டை அடுக்கிய இடத்தில் மறுவாரம் மூட்டையும் இல்லை, மணலும் இல்லை. தென்னையின் வேர்கள் மட்டும் வெளியே தொங்கின. இதை அவள் அழாமல் சொன்னாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆடிப் பௌர்ணமிக்கு முந்தின திங்கட்கிழமை காலையில் கூப்பிட்டாள். "அப்பா, நாளைக்குப் படகு இருக்கு. ஏறிடட்டுமா?"

ஆணை தயாராகிவிட்டது, கையெழுத்துதான் பாக்கி என்று ஏஜென்சியில் சொல்லியிருந்தார்கள். கையெழுத்துக்குக் காத்திருக்கும் கோப்பு எனக்குத் தெரியாததா?

"ஒரு வாரம் பொறும்மா. அடுத்த செவ்வாய்க்கிழமை ஆணையோட முறையா வா."

"சரிப்பா" என்றாள். சிறு வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பாள்.

மனைவி சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "ஆர்டர் வந்ததும் அலைக்கு ஒரு காப்பி அனுப்புங்க. படிச்சுப் பாத்துட்டுத் திரும்பிப் போகட்டும்."

செவ்வாய்க்கிழமைப் படகு அவள் இல்லாமல் போனது. புதன்கிழமை, பௌர்ணமியன்று, கடல் இரண்டு பக்கத்திலிருந்தும் ஏறி நடுவில் சேர்ந்தது. படகுத்துறை உடைந்துவிட்டது, இனி எந்தப் படகும் கரை சேர முடியாது. தீவில் இருந்த எல்லாரும் பள்ளியின் மாடிக்குப் போனார்கள். கடலுக்கு மேலே இருந்த ஒரே தளம் அதுதான். சார்ஜ் மிச்சம் பிடிக்க நாளுக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்புவதாகச் சொன்னாள். புதன்கிழமைச் செய்தி: "மாடில இருக்கேன். பயப்படாதீங்க." வியாழக்கிழமைச் செய்தி: "தண்ணி இறங்கலை. படிக்கட்டு பாதி வரைக்கும் இருக்கு."

வெள்ளிக்கிழமைச் செய்திக்காக நானும் அவள் அம்மாவும் போனை மேஜை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மதியம் தாண்டியும் வரவில்லை. கூப்பிட்டால் மணியே போகவில்லை. மூன்று மணி சுமாருக்குப் போன் ஒளிர்ந்தது. இருவரும் ஒன்றாகக் கை நீட்டினோம்.

ஏஜென்சியின் மின்னஞ்சல். இணைப்பில் ஆணை, கையெழுத்து, முத்திரை, எண், எல்லாம் சரியாக இருந்தன. ஆசிரியை பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்; இவ்வாரச் செவ்வாய்க்கிழமைப் படகில் அவர் தீவை விட்டு வெளியேற வேண்டும். ஆணையில் திங்கட்கிழமைத் தேதி. எங்களுக்குக் கிடைத்தது ஆடிப் பௌர்ணமி கழிந்த இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை.