குகைக்குள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை

எண்பதுகளின் பிற்பகுதியில் இலங்கை மலையகத்தில் மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரன், கல்யாணமாகாதவன். ஆபீஸ் மூடிவிட்டால் பேச ஆளில்லை. லண்டனிலிருந்து வந்த அண்ணன் ஒரு சின்னக் கொம்பியூட்டரும் சில விளையாட்டுக் கசெட்டுகளும் தந்துவிட்டுப் போனார். டி.வி.யில் பொருத்தினால் மந்திரவாதிகளும் பூதங்களும் உலாவும் ஒரு நாடு தெரியும். அதில் நான் வாளேந்திய வீரன்.

அந்த விளையாட்டு என்னைத் தாங்கிப் பிடித்தது என்பதை மறைக்க மாட்டேன். எந்த ஊரிலும் எந்த வீட்டுக்குள்ளும் நுழையலாம், யாரோடும் பேசலாம். பட்ட பாட்டுக்கு ஏற்றபடி பலம் கூடும். ஆபீஸில் வருஷக்கணக்காகக் குனிந்து எழுதியும் எனக்கு அப்படி ஒன்றும் கூடவில்லை.

எனக்குச் சமைத்துத் தந்தவர் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்து வருபவர், என்னைவிட மூத்தவர். பாத்திரம் கழுவிய பிறகு கதவருகே நின்று பார்ப்பார். உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. திரையில் ஆங்கிலத்தில் வருவதைத் தமிழில் சொல்வேன். ஒருநாள் விளையாட்டில் வழி சொல்லும் ஒரு கிழவன் வந்தான்.

“அந்தக் கெழவன நம்பாதீங்கய்யா. நேத்தும் இதையேதான் சொன்னான்.”

“அவனுக்கு அது மட்டும்தான் தெரியும்.”

“அப்ப நம்ம பெரிய கங்காணி மாதிரின்னு சொல்லுங்க.”

இருவரும் சிரித்தோம். விளையாட்டின் பெரிய குறையை அவர்தான் முதலில் கண்டார். அங்குள்ளவர்கள் சொன்னதையே சொல்வார்கள். நாம் போகாவிட்டால் யாரும் காத்திருக்க மாட்டார்கள், யாருக்கும் மனம் நோகாது. எனக்கும் அது பழகிவிட்டது.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “ஞாயித்துக்கெழம மகளுக்குச் சடங்குங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிடணும்.”

ஆபீஸ்காரர்கள் லயத்து விசேஷங்களுக்குப் பரிசு அனுப்புவார்கள். உள்ளே உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அது தெரிந்தும் கேட்டார்.

“கட்டாயம் வாறன்,” என்றேன்.

அந்த ஞாயிறு காலை விளையாட்டில் ஒரு குகைக்குள் இறங்கினேன். ஊர்ச் சத்திரத்துக்குத் திரும்பினால்தான் ஆட்டத்தைக் கசெட்டில் பதிய முடியும். குகைக்குள் நிறுத்தினால் அன்றைய பாடெல்லாம் வீண். அவருடைய தம்பி வந்து கூப்பிட்டார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க போங்க, பின்னால வாறன்,” என்றேன். குகையை முடித்து நிமிர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மறுநாள் ஆபீஸ் பியூன் சொன்னார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவிலிருந்து எனக்காக அவர் ஒரு நாற்காலியை இரவல் வாங்கி, வெள்ளைத் துணி விரித்து, நல்ல நேரம் தாண்டியும் சொந்தக்காரர்களை நிறுத்தி வைத்திருந்தாராம். “ஒங்க ஐயா தொரையாயிட்டாரோ?” என்று மச்சான்மார் கேலி செய்தார்களாம்.

பகல் சாப்பாட்டுக்கு நான் வீட்டுக்கு வந்தபோது, சமைப்பவர் முகத்தைப் பார்த்து, “நேற்றுக் காய்ச்சல்,” என்றேன். தம்பி கண்டதைச் சொல்லியிருப்பார் என்று தெரிந்தே சொன்னேன்.

“ஒடம்பப் பாத்துக்குங்கய்யா,” என்றார். கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முழுவதையும் குடித்தேன்.

அன்று மாலை பாத்திரம் கழுவியதும் நேரே வீட்டுக்குப் போனார். பிறகு ஒருநாளும் கதவருகே நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாற்றலாகிப் போகும்வரை அவர் கைச்சோறுதான் சாப்பிட்டேன். அவர் வீட்டு வாசலை மிதிக்கவேயில்லை.