அண்ணனின் இடப்பக்கத்து விருந்தாளிகள்

போன ஞாயிற்றுக்கிழமை மலை மேல் இருக்கும் கம்போங் ராஜாவில் என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். மண்டப வாசலில் அண்ணன் நின்று வந்தவர்களை வரவேற்றார். அதைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

பெண்ணின் அப்பா வாசலில் நின்று ‘வாங்க’ சொல்வது உலக அதிசயமா? அதற்கு ஓர் அழுகையா? கேட்பீர்கள் என்று தெரியும். சொல்கிறேன்...

அண்ணன் நடராஜன் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர். எட்டு மாதத்துக்கு முன், கோலா தெர்லா சாலையில் காய்கறி லோரிக்கு வழிவிடப் போய் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். மூளையின் வலப்பக்கம் ரத்தக்கசிவு. ஈப்போவில் ஆபரேஷன், மூன்று வாரம் வார்டு. பிழைத்துக்கொண்டார். நடக்கிறார், பேசுகிறார், என் பிறந்தநாளைக்கூடச் சரியாகச் சொல்கிறார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாக வந்து குவிந்தன.

அதற்குப் பிறகுதான் வம்பு ஆரம்பித்தது.

வீட்டுக்கு நலம் விசாரிக்கப் போனவர்கள் எல்லாம் கடுகடுப்போடு திரும்பினார்கள். லெம்பா பெர்த்தாமிலிருந்து எங்கள் பெரியத்தை ஒரு கூடை தக்காளியோடு போயிருக்கிறார். அண்ணன் ஒரு ‘வாங்க’ சொல்லவில்லை. “நடராசா” என்று கூப்பிட்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். கல்யாணத்துக்குத் தன் கால் அந்த வாசலை மிதிக்காது என்று சொல்லிவிட்டார்.

நம் ஆட்களைத் தெரியாதா? சாப்பாட்டில் உப்பில்லை என்றால் மன்னிப்பார்கள். ‘வாங்க’ சொல்லவில்லை என்றால் பேரன் காலம் வரை பேச்சுவார்த்தை கிடையாது!

நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரம் பஸ்ஸில் மலை ஏறிப் போனேன். கூடப் பிறந்தவளை ‘வா’ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தாவது நிமிடம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஈப்போ வந்து சேர்ந்ததும் அண்ணியிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அடிபட்டதில் உங்கள் வீட்டுக்காரருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொன்னேன்.

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “நீங்க எல்லாரும் இப்படிச் சொல்றீங்க. அவரு என்னடான்னா, ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தப்புறம் ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தாங்களான்னு என்கிட்ட சண்டைக்கு வர்றாரு மாலதி.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த சனிக்கிழமையே மறுபடி போனேன். சரி, எவ்வளவு நேரம்தான் பேசாமல் இருக்கிறார் பார்த்துவிடலாம் என்று ஒரு வீம்பு.

தோட்டத்து லயத்து வீட்டில் அண்ணன் நாற்காலிக்கு இடப்பக்கம் முன்வாசல். வலப்பக்கம் அடுப்படி. நான் முன்வாசல் ஓரம் உட்கார்ந்து வாயே திறக்கவில்லை. அவர் மைலோ குடித்தபடி டிவி பார்த்தார். அரை மணி நேரம் போனது. அப்போது பக்கத்து வீட்டு லெட்சுமி பின்கதவு வழியாக அடுப்படிக்குள் வந்தாள். அண்ணன் வாயெல்லாம் பல்லாக அவளை வா என்று கூப்பிட்டார், டீ குடித்தாயா என்று விசாரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் பொறி தட்டியது. பெரியத்தை, சித்தப்பா, நான்... கோபித்துக்கொண்ட அத்தனை பேரும் முன்வாசல் வழியாக வந்தவர்கள். லெட்சுமி, சமையல் காஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், கொண்டுவரும் தம்பி... அண்ணனிடம் நல்ல பெயர் வாங்கிய எல்லோரும் பின்கதவு!

மெல்ல எழுந்தேன். வெளியே போய், வீட்டைச் சுற்றி, பின்கதவு வழியாக உள்ளே வந்தேன்.

“அட, மாலதி! வாம்மா, எப்ப வந்த?” அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “நீயாச்சும் வந்தியே லா.”

கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. பயந்துபோய் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனோம்.

ஈப்போவில் தலையில் அடிபட்டவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் இளம் டாக்டர் அண்ணனைப் பரிசோதித்தார். தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகள். எல்லாவற்றையும் பேனாவால் குறுக்கே அடிக்க வேண்டும். அண்ணன் பொறுமையாக அடித்து, பேனாவை வைத்து, முடிந்தது என்றார். தாளின் வலப்பாதியில் ஒரு கோடு பாக்கி இல்லை. இடப்பாதியில் ஒன்றுகூடத் தொடவில்லை.

கண்ணில் கோளாறு இல்லை என்றார் டாக்டர். கண் பார்க்கிறது, மூளை அந்தப் பக்கத்தைச் சட்டை செய்வதில்லை. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால்கூட வலப்பக்கம் திரும்பித் தேடுவாராம். ஐயோ, பெரியத்தை! வார்டில் ஏன் யாருக்கும் தெரியவில்லை? அங்கே கட்டிலின் இடப்பக்கம் சுவர். நாங்கள் அத்தனை பேரும் வலப்பக்கம்தான் நின்றோம்.

யார் யார் கோபித்துக்கொண்டார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்று நான் ஒப்பித்ததை டாக்டர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். இதைக் கேஸ் ஸ்டடியாக எழுதலாமா என்று கேட்டு அண்ணனிடம் கையெழுத்தும் வாங்கினார். நம் சொந்தக்காரர்களின் ரோஷம் மருத்துவத்துக்குப் பயன்பட்டது இதுவே முதல் தடவையாக இருக்கும்.

அண்ணன் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “நாலு மாசத்துல மக கல்யாணம். மாப்பிள்ள வீட்டுக்காரங்க எடது பக்கம் வந்து நின்னா, நான் என்ன செய்வேன்?”

டாக்டர் உத்தரவாதம் எதுவும் தரவில்லை. பயிற்சி செய்தால் முன்னேற்றம் வரலாம் என்று மட்டும் சொன்னார். முன்வாசல் நிலையில் சிவப்பு டேப் ஒட்ட வேண்டும். எதைப் பார்ப்பதானாலும் முதலில் தலையை அந்தச் சிவப்புக்குத் திருப்ப வேண்டும். இடக்கையை அடிக்கடி அசைக்க வேண்டும்.

அண்ணி அதற்கும் மேலே போனார். பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்! இனிமேல் லயத்தில் யாராக இருந்தாலும் முன்வாசல்தான். உள்ளே வந்து இடப்பக்கம் நிற்க வேண்டும், அண்ணனாகப் பார்த்து ‘வாங்க’ சொல்லும் வரை வாய் திறக்கக் கூடாது. முதல் வாரம் ஆளாளுக்குச் சிலை மாதிரி நின்றார்கள். லெட்சுமிக்கு அடுப்பில் வைத்த சாம்பார் தீய்ந்தே போனது. பெரியத்தைக்கு விஷயத்தைப் போனில் சொன்னேன்.  மறுநாள் காலையில் தக்காளியோடு வந்து நின்றார். பிறகு வாரா வாரம் வந்தார்.

நடுவில் ஒருநாள் அண்ணன், நான் என்ன சின்னப் பிள்ளையா என்று டேப்பைப் பிய்த்து எறிந்தார். மகள் புது டேப்பை எடுத்து வந்து ஒட்டினாள். அவர் தலையை அதன் பக்கம் திருப்பினார்.

கல்யாண நாள் வந்தது. அண்ணி ஒரு குறுக்குவழி கண்டுபிடித்திருந்தார். வாசல் முழுக்க அண்ணனுக்கு வலப்பக்கம் வரும்படி அவரை ஓரமாக நிறுத்திவிட்டால் பிரச்சினையே இல்லையே?

“அது ஏமாத்து லா,” என்று அண்ணன் எதிர்ப்பக்கத் தூணுக்குப் போய் நின்றார். “எல்லாரும் என் எடது பக்கமாவே வரட்டும்.”

மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது. மேளம் முழங்கியது. அண்ணி என் கையை நசுக்கினார். கூட்டம் நெருங்கியது... அண்ணனின் தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பியது.

“வாங்க சம்மந்தி! வாங்கம்மா, வாங்க!”

ஒருவரை விடவில்லை. கடைசியில், நானே கவனிக்காத ஒரு மனிதர் ஓரமாக நின்று குடையை மடக்கிக்கொண்டிருந்தார். அண்ணன் இரண்டடி முன்னால் போய் அவரையும் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அங்கேதான் நான் அழுதேன். விருந்துக்கு வந்திருந்த டாக்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தாளில் இன்னும் நாலைந்து கோடுகள் விட்டுப்போகின்றன. மோட்டார் சாவி அண்ணியிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும். எங்கள் அண்ணன் ஜெயித்துவிட்டார்.

ஆனால், அன்று முகூர்த்தம் முதல் கடைசிப் பந்தி வரை ஒருவர்கூடக் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஒரு தமிழ்க் கல்யாணத்தில்! டாக்டர் ஆராய்ச்சி செய்ய வேண்டியது இதைத்தான்.