குக்கர் மூடியும் ஒரு திடீர் மாமாவும்

மூன்று ஆண்டுகளுக்கு முன், கோல சிலாங்கூரில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. என் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் செகிஞ்சானிலிருந்து மதியம் வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ரோஸ்ட் பிடிக்குமாம். "அதெல்லாம் எனக்குக் கைவந்த கலை" என்று போனில் அளந்துவிட்டேன். செய்து பழக்கமே கிடையாது!

கோயில் முடிந்து வந்ததும், ஆட்டுத் தொடையை முழுசாக எண்ணெயில் சிவக்க விட்டேன். உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், மல்லித்தழை எல்லாவற்றையும் குக்கரின் வாய்வரை திணித்து மூடினேன். அரைமணி நேரமாகியும் விசில் வரவில்லை. ஆவியே சேரவில்லை என்று நினைத்து, அடுப்பை அணைத்து மூடியைத் திருகினேன். அசையவில்லை. அரிவாளின் பின்புறத்தால் கைப்பிடியை ஓங்கித் தட்டினேன்.

"அக்கா, கைய எடுங்க!"

நான் சொல்லியிருந்த கேஸ் தோங்கை, அந்த சிலிண்டரை, தோளில் சுமந்தபடி, கேஸ்காரர் பின்வாசலில் நின்றார். இரண்டு வருடமாக வருகிறவர். அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை.

"விசில் வர்ற ஓட்டை அடைச்சிருக்கும்க்கா. இப்பத் தொறந்தா மொகத்துலதான் அடிக்கும். தானா ஆறட்டும் லா."

அரிவாளைக் கீழே வைத்தேன். நான் மறுபடி கை வைத்துவிடுவேனோ என்று பயந்தாரோ என்னவோ, அங்கேயே நின்றார். போன் வந்தபோதெல்லாம் "லோரி லேட்டாகும்" என்று சமாளித்தார். ஆறியதும் அவரே திறந்தார். ஓட்டையில் மல்லித்தழை! கறி பஞ்சாக வெந்திருந்தது, காய்கறிதான் கூழாகிவிட்டது.

"கடைஞ்சு கறி மேல ஊத்துங்கக்கா. யாருக்குத் தெரியப் போவுது?"

அவர் மூடியைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே விருந்தினர் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா சமையலறையை எட்டிப் பார்த்து, "பொண்ணோட தாய்மாமாவா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள், என் மகள் பட்டென்று, "ஆமா ஆன்ட்டி" என்றாள்.

'மாமா' கூச்சத்தோடு ஒரு தட்டு சாப்பிட்டுவிட்டுத்தான் லோரி ஏறினார். கடைந்து ஊற்றிய குழம்பை எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். சம்பந்தம் முடிந்த பிறகே உண்மையைச் சொன்னோம். சம்பந்தியம்மா கண்ணீர் வரச் சிரித்தார். கல்யாணத்துக்கு அந்தக் கேஸ்காரர் மனைவியோடு வந்து, தாய்மாமன் நிற்கும் இடத்திலேயே நின்றார்.

இப்போதெல்லாம் வீட்டுக்குச் சாமான் கொண்டுவருகிற யாரையும், முகம் பார்த்து இரண்டு வார்த்தை பேசாமல் அனுப்ப எனக்கு மனம் வருவதில்லை.