அடுப்படிக்கு ஒரு ஜன்னல்

பழைய வீடு வைத்திருப்பதும் ஓர் உத்தியோகம்தான். என்ன, இதில் லீவு கிடையாது, ரிட்டயர்மென்ட் கிடையாது, மேலதிகாரி மேஸ்திரி.

என்னைப் போலப் பழைய வீட்டை வாங்கிவிட்டு, எந்தச் சுவர் எப்போது கழுத்தறுக்கும் என்று தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புது வீட்டுக்காரர்களும் படிக்கலாம். உங்கள் வீடு மட்டும் பழசாகாமலா போகப்போகிறது?

என் வீட்டுக்காரர் ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் மெஷினிஸ்டாக இருந்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து குவார்ட்டர்ஸ்தான் எங்கள் வீடு. அங்கே என் அடுப்படியில் ஒரு ஜன்னல் உண்டு. குழம்பு கொதிக்கும்போதே தெருவில் யார் போகிறார்கள், எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டிருக்கிறது, மழை வருமா, கொடியில் துணி காய்ந்ததா எல்லாம் அது வழியாகவே தெரிந்துவிடும். அவர் ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. நெமிலிச்சேரி ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் இந்த வீடு அமைந்தது. அடுப்படியைத் தவிர எல்லாம் பிடித்திருந்தது. பூனை வந்து பாலைக் குடிக்கிறது என்று முன்பிருந்தவர்கள் அங்கிருந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டிருந்தார்கள். பட்டப்பகலில் டியூப் லைட் போட்டுத்தான் உப்பு எது, சர்க்கரை எது என்று பார்க்க வேண்டும்.

"கலா, முதல் வேலை உன் ஜன்னல்தான். பக்கத்துல காலி மனை. காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்று பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலிலேயே அவர் சொன்னார். நானும் நம்பினேன்.

புகார்

குவார்ட்டர்ஸ்காரர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. குழாய் ஒழுகினாலும், கதவு உப்பிக்கொண்டாலும் மெயின்டனன்ஸ் ஆபீஸில் புகார் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவோம். எப்போதாவது ஒருவர் வருவார். அவர் வரும்வரை திட்டிக்கொண்டிருப்பது மட்டும்தான் எங்கள் பொறுப்பு.

இங்கே குடிவந்த புதிதில் அடுப்படிக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. கீழே ஒரு பக்கெட்டை வைத்தேன். நிரம்பியதும் செடிக்கு ஊற்றினேன். மறுபடியும் வைத்தேன். செடியே போதும் என்று சொல்லும் நிலைக்கு வந்த பிறகு, "ஏங்க, புகார் கொடுத்து இத்தனை நாளாச்சே, ஒருத்தரையும் காணோமே?" என்று கேட்டேன். அவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தி, "நீ கொடுத்துட்டேன்னுல்ல நான் நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். பிறகு அவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சொன்னார்:

"கலா, இனிமே நம்மதான் ஆபீஸ்."

எலுமிச்சம்பழம்

குழாயைச் சரிசெய்த தெம்பில் அவர் அடுப்படியில் ஒரு செல்ஃப் அடிக்கக் கிளம்பினார். நான் கேட்டது ஜன்னல். கிடைத்தது செல்ஃப். "கை பழகட்டும்" என்றார்.

வேலைக் காலம் முழுக்க மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்துப் பார்த்த மனுஷன். ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக் குழாயில் குமிழி நட்டநடுவில் வந்து நிற்கும்வரை பிடிவாதமாக நின்று செல்ஃபைப் பொருத்தினார். வேலை முடிந்து இரண்டு பேரும் நாலடி தள்ளி நின்று பார்த்தோம். செல்ஃப் கோணலாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. காட்டுப்பாக்கத்தில் ஃபிளாட்டில் இருக்கும் எங்கள் மகன் அருண் ஞாயிற்றுக்கிழமை வந்தான். கம்ப்யூட்டர் வேலை, வாயை மூடத் தெரியாது. "என்னப்பா, செல்ஃப் சாயுது?" என்று கேட்டே விட்டான்.

அவர் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துவந்து செல்ஃபின் மேல் வைத்தார். பழம் அசையவில்லை. அதையே எடுத்துக் கீழே அடுப்பு மேடையில் வைத்தார். பழம் மெல்லப் புரண்டு, வேகம் பிடித்து, தொட்டிக்குள் போய் விழுந்தது. மேலே தளமும் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருப்பதை அப்போதுதான் கவனித்தோம். அவர் கையைத் துடைத்துக்கொண்டு மகனிடம் சொன்னார்:

"சாயறது வீடுடா. செல்ஃப் மட்டும்தான் நேரா இருக்கு."

மூன்று கோணத்தில் ஒரு வரைபடம்

ஜன்னலுக்காக ஒருவழியாக மேஸ்திரி ஏழுமலையை வரச்சொன்னோம். இந்தப் பக்கத்தில் பாதி வீடு அவர் கட்டியது, மீதிப் பாதி அவர் இடித்துக் கட்டியது. தொழிற்சாலையில் வரைபடம் இல்லாமல் ஒரு போல்ட் கூட நகராது. அதனால் என் வீட்டுக்காரர் ஜன்னலை முன்பக்கம், பக்கவாட்டு, மேல்பக்கம் என்று மூன்று கோணத்தில் வரைந்து, அளவெல்லாம் போட்டு வைத்திருந்தார். ஏழுமலை அதை வாங்கி, நீளவாக்கில் பார்த்தார், அகலவாக்கில் பார்த்தார், நான் கொடுத்த வெங்காய பஜ்ஜியை அதில் ஓர் ஒற்று ஒற்றி எண்ணெயை எடுத்துவிட்டுச் சாப்பிட்டார்.

பிறகு அதே கையால் சுவரைத் தட்டினார். காரை பொலபொலவென்று கொட்டியது. அந்தச் சுவரோரமாகப் போகும் பாத்ரூம் குழாய் எத்தனை காலமாகக் கசிகிறதோ, சுவர் ஊறிப்போயிருந்தது. பாத்ரூமைச் சரிசெய்யாமல் இதில் கை வைக்கக் கூடாது என்றார். எனக்கு வந்த கோபத்தில் மீதி பஜ்ஜியை உள்ளே கொண்டுபோய்விட்டேன். ஏழுமலை வாசல்வரை போய்த் திரும்பிச் சொன்னார்:

"நீ ஒண்ணியும் கவலப்படாதம்மா, ஜன்னலு எங்கியும் ஓடிடாது, செவுத்துக்குள்ளதான கீது!"

வாட்டம்

பாத்ரூம் வேலை இழுத்தடித்து முடிந்தது. பழைய குழாய் போய்ப் புதுக் குழாய், புதுத் தரை, புது டைல்ஸ். என் வீட்டுக்காரர் வெர்னியர் அளவுகோலை எடுத்து டைல்ஸ் இடுக்கை அளந்ததை ஏழுமலையின் ஆட்கள் தினமும் வேடிக்கை பார்த்தார்கள்.

வேலை முடிந்த அன்று அவர் எலுமிச்சம்பழத்துடன் பாத்ரூமுக்குள் போனார். தண்ணீர் போகும் துளைப் பக்கம் தரை வாட்டம் இருக்க வேண்டும் அல்லவா? மூலையில் பழத்தை வைத்தார். அது துளையை ஏறெடுத்தும் பார்க்காமல், நிலைப்படியில்லாத அந்தக் கதவைத் தாண்டி, ஹாலுக்குள் உருண்டு வந்து என் காலடியில் நின்றது. "மேஸ்திரி, வாட்டம் வாசல் பக்கமா இருக்கே" என்றார் இவர். ஏழுமலைக்கு ரோஷம் வந்துவிட்டது. "எலுமிச்சம் பயம்லாம் வச்சி பாத்தா எப்டி சார்? தண்ணி ஊத்திப் பாரு" என்று தானே ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்தார். தண்ணீர் பழம் போன பாதையிலேயே போய், ஹாலில் சோபாவுக்கு அடியில் நுழைந்தது. ஏழுமலை தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சார், இந்தத் தண்ணிகூட உன் பயத்து பேச்சத்தான் கேக்குது!"

ஹாலில் ஜன்னல்

தரையைப் பெயர்த்து மறுபடியும் போட்டு முடிப்பதற்குள் ஜன்னல் சட்டம் தச்சரிடமிருந்து வந்துவிட்டது. தேக்கு, நான்கு கதவு, பித்தளைக் கொக்கி. மஞ்சள் குங்குமம்கூட வைத்துவிட்டேன். ஏழுமலை வந்து பார்த்துவிட்டு, "ஆடி பொறந்துட்ச்சிம்மா. ஆடில நான் சட்டம் நிறுத்த மாட்டேன்" என்றார். வாசக்காலுக்குத்தானே அதெல்லாம், இது வெறும் ஜன்னல் என்று என் வீட்டுக்காரர் வாதாடினார். வரைபடத்தைக் காட்டினார். மனுஷர் அசையவில்லை. சாஸ்திரத்துக்கு முன்னால் மில்லிமீட்டர் தோற்றதை அன்றுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரரும் அதை மனதில் குறித்துக்கொண்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

ஆடி முழுக்க ஜன்னல் ஹால் நடுவில் நின்றது. அதன் வழியாகத்தான் டி.வி. பார்த்தோம். மழை நாளில் அதில் துணி உலர்த்தினேன். சில நாள் மத்தியானம் யாரும் இல்லாதபோது கதவைத் திறந்துவைத்து அதன் முன்னால் உட்கார்ந்திருப்பேன். எதிரே பீரோதான் தெரியும். சிரிக்காதீர்கள், எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. குவார்ட்டர்ஸ் சிநேகிதி புஷ்பா கூழ் ஊற்றும் திருவிழாவுக்கு வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். ஜன்னலைச் சுற்றி வந்து, கொக்கியை ஆட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"ஜன்னல் ரொம்ப நல்லா இருக்கு கலா, சுவர் எப்ப வருது?"

செந்நீர்குப்பம் சைட்

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்திலேயே வேலையும் தொடங்கியது, பக்கத்துக் காலி மனையில்! எம்-சாண்ட் லாரி வந்தது, செங்கல் வந்தது, பூமி பூஜை நடந்தது. மனைக்காரி தேவி, பட்டாபிராமில் டிபன் கடை வைத்திருப்பவள், சிரித்த முகமாக வந்து சுண்டல் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அதை அப்படியே மூடி வைத்துவிட்டேன். நம் ஜன்னலுக்கு எதிரே மூன்றடியில் அவள் சுவர் வரப்போகிறது. ஆடியைப் பார்க்காமல் வைத்திருந்தால் ஒரு மாதமாவது வெளியே பார்த்திருப்பேனே என்று ஆற்றாமையாக இருந்தது.

ஏழுமலையோ ஆளே வரவில்லை. போன் போட்டேன். "செந்நீர்குப்பம் சைட்ல கீறேம்மா, ஐவேஸ்ல ஒரே டிராபிக்கு, நாளிக்கி வந்துர்றேன்" என்றார். குரல் நன்றாகக் கேட்டது. கொஞ்சம் அளவுக்கு மீறி நன்றாகக் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுத்தேன். அப்போதும் கேட்டது. ஸ்டூலைப் போட்டு ஏறி மதில் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். அஸ்திவாரக் குழிக்குள் ஏழுமலை, காதில் போனுடன். என்னைப் பார்த்ததும் மனுஷர் துளிகூட அசரவில்லை.

"நீ கூப்டா ஒடனே வர்ற தூரத்துல இருக்கணும்னுதாம்மா, பக்கத்துலயே வேல புட்ச்சேன்!"

அக்னி மூலை

இன்னொரு இடியும் ஏழுமலை வாயிலிருந்துதான் வந்தது. என் அடுப்படிக்கு நேர் எதிரே தேவி வீட்டில் வரப்போவது பாத்ரூம். அன்று ராத்திரி சாப்பாடு போடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஜன்னலே வேண்டாங்க. அடுத்த வீட்டு பாத்ரூமைப் பார்த்துக்கிட்டு சாம்பார் வைக்க என்னால ஆகாது. சட்டத்தை யாருக்காவது கொடுத்துடுங்க." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். ஒரு ஜன்னலுக்கா என்று கேட்பீர்கள். ஆமாம், ஒரு ஜன்னலுக்குத்தான். அவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வரைபடத்தைக் கையில் எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்துவிட்டார். பூஜை அலமாரியைத் திறந்து நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு பக்கத்து மனைக்குப் போனார். வாஸ்து பார்க்கிறவர்களைக் குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேலி செய்துகொண்டு திரிந்த மனுஷன், தேவியிடம் கவலையோடு, "தென்கிழக்கு அக்னி மூலையாச்சேம்மா, அங்க போயி பாத்ரூம் வைக்கிறீங்களே?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தேவி கடையைக்கூடத் திறக்காமல் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டாள். பாத்ரூம் பின்னால் போனது, அடுப்படி முன்னால் வந்தது. சாயங்காலம் ஏழுமலை என்னிடம் வந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு முறையிட்டார்:

"சார் எப்போலேர்ந்துமா வாஸ்து பாக்குறாரு? அந்த மில்லிமீட்டரே தேவலாம்!"

ஜன்னல்

கடைசியில் சுவரை உடைத்தார்கள். பழைய செங்கல்கள் வெளியே விழுந்த அன்றே, சட்டம் வைப்பதற்கு முன்பே, ஒரு பூனை அந்த ஓட்டையில் வந்து உட்கார்ந்துகொண்டு பால் எங்கே என்பதுபோல என்னைப் பார்த்தது. சட்டம் நின்று, பூச்சு காய்ந்து, கதவைத் திறந்த முதல் நாள் காலையில் டியூப் லைட் போடவில்லை. உப்பு உப்பாகவும் சர்க்கரை சர்க்கரையாகவும் தெரிந்தது. இந்தத் தடவையும் அழுகை வந்தது, ஆனால் அவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அழுதேன்.

எதிரே மூன்றடியில் தேவியின் சுவர் எழும்பியிருந்தது. அதில் அவள் அடுப்படி ஜன்னலுக்கு விட்ட இடம், என் ஜன்னலுக்கு நேருக்கு நேர், ஒரே உயரம், ஒரே அகலம். ஏழுமலையின் கை அவ்வளவு துல்லியமாக வராதே என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ரசமட்டத்தைத் துடைத்துக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். வத்தக்குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது, புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கும் ஹோஸ் பைப்புடன் தேவி அந்த இடத்தில் வந்து நின்றாள். "வாசன தூக்குதுக்கா, இன்னா கொயம்பு?" என்றாள். சொன்னேன். ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கையை நீட்டினேன், எட்டியது. இத்தனை நாள் பட்டதெல்லாம் மறந்து மனது நிறைந்துபோயிருந்த அந்த நேரத்தில், அவள் குழம்பை விரலால் தொட்டு நக்கிக்கொண்டே என் தலைக்கு மேல் உற்றுப் பார்த்தாள்.

"தப்பா நெனச்சிக்காதக்கா, உன் செல்ஃபு இன்னாக்கா இப்டி கோணலா கீது?"

சக பாவிகளே, ஜன்னல் என்றால் நாம் வெளியே பார்ப்பதற்கு என்று மட்டுமே நினைத்து இத்தனை நாள் சண்டை போட்ட நான் செல்ஃபைத் திரும்பிப் பார்ப்பதற்குள் என் வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.